சுகம் என்று சொன்ன ஆறு வருடங்கள்

ஒரு செவ்வாய்க்கிழமை காலை பதினொன்று இருபத்தைந்துக்கு எல்லாம் பிழையாகப் போகத் தொடங்கியது. நேரம் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. அந்தக் கிழமை எனக்கு ரொட்டித் தொழிற்சாலையில் பின்நேர வேலை. கொண்டுபோவதற்கு இரண்டு முட்டைகளை அவிய வைத்துவிட்டுச் சுவர் மணிக்கூட்டைப் பார்த்துக்கொண்டு நின்றேன். கீழே தபால்பெட்டி மூடி விழும் சத்தம் கேட்டது. இறங்கிப் போனேன். ஜேர்மனியின் பொன் (Bonn) நகரத்தில் இருக்கும், மருந்துகளுக்குப் பொறுப்பான அரச அலுவலகத்திலிருந்து ஒரு தடித்த கடிதம் வந்திருந்தது. உறையில் என் மகளின் பெயர் இருந்தது. படியிலேயே நின்று அதை உடைத்தேன்.

அவளுக்கு அப்போது இருபத்திரண்டு வயது. அவளுடைய கடிதத்தை நீ ஏன் உடைக்கிறாய் என்று அன்று யாராவது கேட்டிருந்தால், எனக்கு அந்தக் கேள்வியே விளங்கியிருக்காது.

கடிதத்தின் தலைப்பு 'அன்ஹோருங்' என்று இருந்தது. முடிவு எடுக்குமுன் ஆளுடைய பக்கத்தைக் கேட்பது என்று அர்த்தம். எண்பதுகளில் இந்த நாட்டுக்கு வந்த எங்கள் ஆட்களுக்கு அது அகதி விசாரணையின் பெயர். ஒரு மேசை, ஒரு அதிகாரி, ஒரு மொழிபெயர்ப்பாளர், ஒரு தட்டச்சு இயந்திரம். என் விசாரணையில் நான் கொழும்பை விட்டு வந்த மாதத்தை ஓரிடத்தில் ஐப்பசி என்றும், இன்னோரிடத்தில் கார்த்திகை என்றும் சொல்லிவிட்டேன். அந்த ஒரு மாத வித்தியாசத்தைத் திருத்த எனக்கு மூன்று வருடம் எடுத்தது. ஊரில் நான் கணித ஆசிரியன். ஒரே கணக்குக்கு இரண்டு விடை எழுதிய மாணவனைப் போல அந்த மூன்று வருடமும் உலாவினேன். ஒரு தடவை சொன்னதை எந்த அலுவலகத்திலும் மாற்றக்கூடாது என்பதை அப்போதுதான் படித்தேன். அந்தப் பாடம் எலும்பு வரை இறங்கியிருந்தது.

மேலே வந்து முழுவதையும் வாசித்தேன். முட்டைகள் வெடித்து, தண்ணீர் வற்றிப் போயிருந்தது.

அந்தக் கடிதத்தில் என்ன இருந்தது என்று சொல்லுமுன், அது ஏன் வந்தது என்று சொல்லவேண்டும்.

மகளுக்குப் பதினாறு வயதில் மல்டிபிள் ஸ்க்ளெரோசிஸ் என்று கண்டுபிடித்தார்கள். நரம்புகளின் மேலுறை பழுதாகும் நோய். அவளைப் பொறுத்தவரை அது கால்களில் இருந்தது. திடீரென்று தொடைத் தசை கல்லாகி, முழங்கால் மடங்காமல் நின்றுவிடும். சில நாட்கள் கட்டிலிலிருந்து இறங்கவே அரை மணித்தியாலம் வேண்டும். அவள் எங்கள் ஆஹென் நகரத்தில் ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையில் அவுஸ்பில்டுங், அதாவது தொழிற்பயிற்சி, செய்துகொண்டிருந்தாள். மூன்றாவது வருடம். கண்ணாடி தேய்ப்பதிலும் சட்டகம் நிமிர்த்துவதிலும் அவளுக்குக் கை நல்ல நுட்பம். ஆனால் நோயால் வேலைக்குப் போகாத நாட்கள் கூடிக்கொண்டே போயின. இன்னும் சில கிழமைகள் தவறினால் இறுதிப் பரீட்சைக்கு இருக்க விடமாட்டார்கள் என்று முதலாளி கவலையோடு சொல்லியிருந்தார். மூன்று வருடப் படிப்பு வீணாகும். அவளுக்கு வேண்டியிருந்தது அந்தப் பரீட்சை. அதற்கு வேண்டியிருந்தது நிற்கக்கூடிய இரண்டு கால்கள்.

முந்திய வருடம் காப்புறுதி அவளை ஒரு மறுவாழ்வு மருத்துவமனைக்கு மூன்று கிழமை அனுப்பியது. அங்கே இதே நோயுள்ள ஒரு ஜேர்மன் பெண்மணி, தோட்டத்து வாங்கில் வைத்து, தான் சுற்றிய ஒன்றை அவளுக்குக் கொடுத்திருக்கிறா. அன்று என் மகள் கால்களை நீட்டி, மடக்கி, மறுபடி நீட்டி, அழுதாளாம். வீட்டுக்கு வந்து இதை என்னிடம் சொன்னபோது நான் அழவில்லை. கத்தினேன்.

"கஞ்சாவோ? என்ரை வீட்டிலை கஞ்சாவோ?"

"வீட்டிலை இல்லை அப்பா. கிளினிக் தோட்டத்திலை."

மனைவி குசினியிலிருந்து வந்தா. ஒரு முதியோர் இல்லத்துச் சமையலறையில் வேலை செய்கிறவ. எந்த வலிக்கு எந்த மாத்திரை என்று அங்குள்ள தாதிகள் அளவுக்கு அவவுக்கும் தெரியும். "கால் மடங்கினதோ இல்லையோ?" என்று மட்டும் கேட்டா.

"மடங்கினது அம்மா."

"பிறகென்ன கத்துறியள்?"

நாங்கள் இருந்த தெருவிலிருந்து ஒல்லாந்து எல்லை ஒரு பஸ் தூரம். அங்கே கடையில் விற்கிற சாமான். பஸ்ஸில் திரும்பி எல்லையைத் தாண்டும் கணத்தில் அது குற்றம். மகள் அந்த பஸ்ஸில் ஏறவேண்டாம் என்று நான் கெஞ்சினேன். பொலிஸ் ஒருநாள் பையைத் திறந்தால் பரீட்சையும் போய், கடையும் போய், எல்லாம் போய்விடும். அவள் ஏறவில்லை. பதிலாகத் தன் நரம்பியல் டொக்டரிடம் கேட்டாள். நாட்டின் மிக உயர்ந்த நிர்வாக நீதிமன்றம் சில வருடங்களுக்கு முன்னரே ஒன்றைத் தெளிவாக்கிவிட்டது என்று அந்த டொக்டர் சொன்னா. கடும் நோயாளி ஒருவர் கஞ்சாவை மருந்தாகப் பாவிக்க அனுமதி கேட்டால், அதை எடுத்த எடுப்பில் மறுக்க முடியாது. ஒவ்வொரு ஆளுடைய விடயத்தையும் தனித்தனியாகப் பார்க்கவேண்டும். ஒரு டொக்டர் மேற்பார்வை செய்யவேண்டும். மற்ற மருந்துகள் உதவவில்லை என்று காட்டவேண்டும். அனுமதி கிடைத்தால், ஒல்லாந்திலிருந்து சட்டப்படி வரும் பூக்களை மருந்துக்கடையில் வாங்கலாம். அப்படிக் கிடைத்தவர்கள் நாடு முழுவதிலும் விரல் விட்டு எண்ணக்கூடிய சிலர்.

மகள் 'அன்ட்ராக்' எனும் விண்ணப்பத்தை அனுப்பினாள். டொக்டர், அவள் தவறிய வேலைநாட்களைக் காட்டி ஒரு சிறிய ஆதரவுக் கடிதம் எழுதி, தன் கோப்பைத் திரும்பப் பார்க்காமலே பிரதியெடுத்து இணைத்தா.

இப்போது வந்த பதில் இதுதான். நீங்கள் அனுப்பிய கோப்பின்படி, தசை இறுக்கத்துக்காகத் தரப்பட்ட மூன்று மருந்துகளும் நல்ல பலன் தந்திருக்கின்றன. மூன்றாவது இன்றுவரை நன்றாக வேலை செய்கிறது. ஆகவே விண்ணப்பத்தை நிராகரிக்க எண்ணியுள்ளோம். அதற்குமுன் நான்கு கிழமைகளுக்குள் உங்கள் பக்கத்தைச் சொல்லலாம். கீழே, கோப்பிலிருந்து எடுத்த வரிகளைத் திகதியோடு போட்டிருந்தார்கள். ஒவ்வொரு வரியும் ஒரே மாதிரித் தொடங்கியது: தந்தை கூறுகிறார்.

தந்தை கூறுகிறார், தெளிவான முன்னேற்றம். தந்தை கூறுகிறார், சற்று நித்திரை கூட, மற்றப்படி மிகவும் நல்லது. தந்தை கூறுகிறார், மிக்க திருப்தி.

அலுவலகம் ஒன்றும் பிழையாக எழுதவில்லை. அதெல்லாம் நான் சொன்னதுதான்.

எங்கள் ஆட்களுக்கு இது விளங்கும். டொக்டர் என்பவர் படித்தவர், நேரம் ஒதுக்கி எங்கள் பிள்ளையைப் பார்க்கிறவர். அவர் தந்த மருந்து கேட்கவில்லை என்று அவருடைய முகத்துக்கு நேரே எப்படிச் சொல்வது? 'எப்படி இருக்கிறா?' என்று மகளின் டொக்டர் கேட்டதும், மகள் வாய் திறக்குமுன் நான் கதிரை நுனியில் இருந்தபடி, 'நல்ல சுகம், மிக்க நன்றி' என்பேன். டொக்டரைப் பார்க்கப் போகும் ஒவ்வொரு டெர்மினுக்கும் மனைவி சுட்ட ரோல்ஸ் பலகாரம் ஒரு பெட்டி கொண்டுபோவேன். வரவேற்பில் இருந்த பெண்கள் என்னைக் கண்டதும் தேத்தண்ணிக்குத் தண்ணீர் வைப்பார்கள். ஒரு தடவை காரில் திரும்பும்போது மகள், அப்போது அவளுக்குப் பதினேழு, ஏன் பொய் சொன்னீர்கள் என்று கேட்டாள். பொய்யில்லை, மரியாதை என்றேன். அதற்குப் பிறகு அவளும் தலையாட்டப் பழகிவிட்டாள்.

முதல் மாத்திரையில் அவள் வகுப்பில் தூங்கி விழுந்தாள். இரண்டாவதில் கால் துவண்டு படியில் விழுந்தாள். மூன்றாவது இரண்டு கிழமை தொடர்ந்து வாந்தி எடுக்க வைத்தது. அதை அவள் நிறுத்தினாள். நான் நிறுத்தவில்லை. மாதாமாதம் மருந்துச் சீட்டு வாங்கினேன், மருந்துக்கடையில் பெட்டியை எடுத்தேன், அலுமாரியின் மேல்தட்டில் வைத்தேன். வாங்காவிட்டால் டொக்டருக்குத் தெரிந்துவிடுமே.

அன்று நான் வேலைக்குப் போகவில்லை. மகள் ஐந்து மணிக்கு வந்தாள். ஊன்றுகோலைக் கதவோடு சாய்த்துவிட்டு உறையைத்தான் முதலில் பார்த்தாள்.

"ஏன் உடைச்சனீங்கள்?"

"உன்ரை அன்ட்ராக் விஷயம் பிள்ளை…"

"என்ரை அன்ட்ராக். ஏன் நீங்கள் உடைச்சனீங்கள்?"

கடிதத்தை அவளிடம் நீட்டினேன். நின்றபடி வாசித்தாள். மூன்றாம் பக்கத்துக்கு வந்ததும் இருந்தாள். பிறகு சிரித்தாள். அந்தச் சிரிப்பை இன்றைக்கும் நினைக்க எனக்குப் பிடிக்கவில்லை.

"அம்மா, இஞ்சை வாங்கோ. நான் நல்ல சுகமாம். அப்பா சொல்லியிருக்கிறார்."

மனைவி அடுப்பை நிறுத்திவிட்டு வந்து, வரி வரியாக மகள் மொழிபெயர்க்கக் கேட்டா. கேட்டு முடிந்ததும் என்னைப் பார்த்தா.

"நீங்கள் டொக்டரிட்டை போனியளோ, பொம்பிளை பார்க்கப் போனியளோ? பலகாரம் நல்லம், பிள்ளை நல்லம், வீடு நல்லம்…"

"இஞ்சை பாரும், நான் மரியாதைக்கு…"

"மரியாதையை அவள் காலிலை பூசுங்கோ. மடங்குதோ பாப்பம்."

மகள் அந்தப் பகிடிக்கும் சிரிக்கவில்லை. "நான் எல்லைக்குப் போற பஸ்ஸிலையே ஏறியிருக்கலாம்," என்றாள். அவள் கத்தியிருந்தால் எனக்குத் தாங்கியிருக்கும். அவள் களைத்துப்போய் அதைச் சொன்னாள்.

அடுத்த நாள் கொலோனில் இருக்கும் அண்ணைக்குத் தொலைபேசி எடுத்தேன். உறவு இல்லை. அகதி முகாம் காலத்திலிருந்து எங்களுக்கெல்லாம் கடிதம் எழுதித் தந்த மனிதர். அவருடைய பதில் உடனே வந்தது.

"சொன்னதை மாத்தாதை. முந்திச் சொன்னது பொய்யெண்டு நீயே எழுதிக் குடுத்தால், பிந்திச் சொல்லுறதை எவன் நம்புவான்? உனக்கு ஐப்பசி கார்த்திகை மறந்துபோச்சோ?"

"அப்ப என்ன செய்யிறது அண்ணை?"

"பேசாமல் இரு. வேறை டொக்டரைப் பிடி. முதலிலையிருந்து தொடங்கு. அதுசரி, என்ன மருந்துக்கு இந்தப் பாடு?"

நான் தொலைபேசியை வைத்துவிட்டேன்.

முதலிலிருந்து தொடங்கினால் அவளுடைய பரீட்சை போய்விடும். அதை நான் நன்றாக அறிவேன். இரண்டு நாள் கடிதத்தைத் திரும்பத் திரும்ப வாசித்தேன். மூன்றாம் நாள் மகள், என்னைக் கேட்காமலே, நகரத்தில் நோயாளிகளுக்கு இலவச ஆலோசனை சொல்லும் ஒரு நிலையத்தில் நேரம் எடுத்துவிட்டாள். "வாறதெண்டால் வாங்கோ. ஆனால் பின்னாலை இருங்கோ," என்றாள்.

பின்னால் இருந்தேன். அந்த ஆலோசகர் என் வயதுப் பெண். கழுத்தில் கண்ணாடியைக் கயிற்றில் தொங்கவிட்டிருந்தா. கடிதத்தை வாசித்துவிட்டுச் சொன்ன முதல் விடயம், இது நிராகரிப்பு அல்ல என்பது. "இந்த அன்ஹோருங் உங்களைப் பிடிப்பதற்கு அல்ல. தாங்கள் பிழையாக முடிவெடுக்காமல் இருக்க உங்களிடம் கேட்கிறார்கள். கேட்கப்படுவது உங்கள் உரிமை." இரண்டாவது, கோப்பை முழுமையாகப் பார்க்கவும் பிரதி எடுக்கவும் நோயாளிக்கு உரிமை உண்டு, டொக்டரிடம் கேட்டாலே போதும். மூன்றாவது, கோப்பில் உள்ள வரியை யாரும் அழிக்கக்கூடாது, ஆனால் திகதி போட்டுக் கீழே திருத்தம் எழுதலாம்.

நான் பின்னாலிருந்து கையை உயர்த்தினேன். வகுப்பில் பிள்ளைகள் உயர்த்துவதுபோலத்தான். "முதல் சொன்னதற்கு மாறாகச் சொன்னால் எங்களைப் பொய்யர் என்று நினைக்கமாட்டார்களா?"

அவ கண்ணாடியைப் போட்டுக்கொண்டு என்னைப் பார்த்தா. "முதல் சொன்னது யார்?"

"நான்."

"நோயாளி யார்?"

மகள் திரும்பவில்லை. அவளுடைய பின்கழுத்தில் சிரிப்பு தெரிந்தது.

"உங்கள் மகளை இன்னும் ஒருவரும் கேட்கவே இல்லை," என்றா அந்தப் பெண். "அவ எதையும் மாற்றப் போவதில்லை. முதல் தடவையாகச் சொல்லப் போகிறா. நீங்கள் உங்களுடையதைத் திருத்துங்கள். அரைப் பக்கம் போதும். மன்னிப்புக் கேட்டு இரண்டு பக்கம் எழுதவேண்டாம்."

என்னைப் பார்த்த ஐந்து நிமிடத்தில் நான் இரண்டு பக்கம் எழுதுவேன் என்று அவவுக்கு எப்படித் தெரிந்ததோ.

டொக்டரிடம் போன காலை நான் ரோல்ஸ் கொண்டுபோகவில்லை. அலுமாரி மேல்தட்டிலிருந்த மருந்துப் பெட்டிகளை ஒரு துணிப்பையில் போட்டுக்கொண்டு போனேன். பத்தொன்பது பெட்டிகள். ஒன்று மட்டும் உடைத்தது. மற்றவை கடை ஒட்டிய சீட்டோடு அப்படியே இருந்தன. காரில் ஜேர்மன் வசனத்தைத் திரும்பத் திரும்பச் சொல்லிப் பார்த்தேன். அகதி விசாரணைக்குக்கூட நான் இப்படிப் பாடமாக்கியதில்லை.

"எப்படி இருக்கிறீர்கள்?" என்றா டொக்டர். வழக்கம்போல என்னைப் பார்த்து.

'நல்ல சுகம்' நாக்கு நுனிக்கு வந்துவிட்டது. பையைத் தூக்கி அவவுடைய மேசையில் கவிழ்த்தேன். பெட்டிகள் தட்டெழுத்துப் பலகையில் ஏறி விழுந்தன. "டொக்டர் அம்மா, உங்கள் மாத்திரைகள் உதவவில்லை. ஒன்றும் உதவவில்லை. நான் ஆறு வருடமாகச் சொன்னது உண்மை அல்ல."

அவவுடைய கழுத்து சிவந்தது. ஒரு பெட்டியை எடுத்துத் திகதியைப் பார்த்தா. இன்னொன்றை எடுத்தா. கோபம் வந்துவிட்டது, மகளுக்கு இனி இங்கே இடமில்லை என்று நினைத்தேன்.

"ஆறு வருடமாக நீங்கள் எனக்கு ரோல்ஸ் கொண்டுவந்தீர்கள்," என்றா. "ஒரு தடவையாவது இதைக் கொண்டுவந்திருக்கலாமே. வேறு மருந்து பார்த்திருப்பேன். அளவை மாற்றியிருப்பேன். நான் என்ன, வாழ்த்துக்காகவா கேட்டேன்?"

"நீங்கள் கஷ்டப்பட்டு…"

"கஷ்டப்பட்டது அவ." டொக்டர் மகள் பக்கம் கதிரையைத் திருப்பினா. பிறகு என்னிடம், "இனி உங்கள் மகளோடு கதைக்கவேண்டும். தனியாக," என்றா.

"நான் அவளுடைய அப்பா."

"ஓம். அதனால்தான்."

மகளைப் பார்த்தேன். வேண்டாம், அப்பா இருக்கட்டும் என்று சொல்வாள் என்று எதிர்பார்த்தேன். அவள் என் கம்பளி மேலங்கியை எடுத்து என் கையில் தந்தாள்.

ஐம்பது நிமிடம் நடைபாதையில் இருந்தேன். கதவுக்குப் பின்னால் மகளின் குரல் கேட்டது, சொற்கள் கேட்கவில்லை. அவள் இவ்வளவு நேரம் தொடர்ந்து பேசி நான் கேட்டதில்லை. பக்கத்துக் கதிரையில் ஒரு கிழவர், இரண்டு கைகளையும் கைத்தடிமேல் வைத்துக்கொண்டு இருந்தார். "எப்படிப் போகிறது?" என்று சும்மா கேட்டார். "நல்ல…" என்று தொடங்கினேன். நிறுத்தினேன். "நன்றாக இல்லை," என்றேன். "என் மகளுக்கு நன்றாக இல்லை. கனகாலமாக." அவர் தலையாட்டி, "எனக்கும்தான்," என்றார். அதற்குப் பிறகு இருவரும் நல்ல சிநேகிதர்போல் இருந்தோம்.

வெளியே வந்தபோது மகளின் கண்கள் சிவந்திருந்தன. முகம் தெளிவாக இருந்தது. டொக்டர் கோப்பில் நான்கு பக்கத் திருத்தம் எழுதினா. பழைய குறிப்புகள் தந்தையின் வாய்ச்சொல்லை நம்பி எழுதப்பட்டவை, நோயாளியை நேரடியாக விசாரிக்காதது தன்னுடைய தவறு என்று ஒளிக்காமல் எழுதினா. உடைக்காத பெட்டிகளின் திகதிகளைப் பட்டியலாகப் போட்டா. கண்ணாடிக் கடை முதலாளி, அவள் வராத நாட்களைத் தந்தார். மகள் தன் கையால் இரண்டு பக்கம் எழுதினாள். அதை நான் இன்றுவரை வாசிக்கவில்லை.

என் அரைப் பக்கத்தை எழுத எனக்கு ஒரு முழு ஞாயிற்றுக்கிழமை பிடித்தது. 'மூன்று மருந்துகள் பற்றியும் நான் முன்னர் கூறியது சரியல்ல. டொக்டரைப் புண்படுத்தக்கூடாது என்பதற்காக அப்படிக் கூறினேன். என் மகளிடம் நான் கேட்கவில்லை.' அவ்வளவுதான். மனைவி எட்டிப் பார்த்தா.

"முடிஞ்சுதோ?"

"முடிஞ்சுது. எழுத்து கோணிப்போச்சு."

"கோணட்டும். வாசிக்க விளங்குது, அது காணும்."

பதிவுத் தபாலில் போட்டோம். பதில் வர ஏழு கிழமை எடுத்தது. இதற்குள் அவள் இன்னும் ஆறு நாட்கள் வேலைக்குப் போகவில்லை. பரீட்சைக்கு இருப்பதானால் அவள் தவறக்கூடிய நாட்களில் மூன்றுதான் மிச்சம் இருந்தன. நான் தபால்காரியைக் கண்டால் யன்னலை விட்டு விலகி நிற்கத் தொடங்கினேன்.

பொன்னிலிருந்து உறை வந்த நாள் நான் வீட்டில் தனியாக இருந்தேன். மெல்லிய உறை. மெல்லியது நல்லதா, கெட்டதா? வெளிச்சத்துக்குப் பிடித்துப் பார்த்தேன், பொய் சொல்லமாட்டேன். ஆனால் மேசையில் வைத்து, அதற்குமேல் சீனிப் போத்தலையும் வைத்துவிட்டு வேலைக்குப் போய்விட்டேன். அன்று பாண் தட்டுகள் மூன்றைக் கீழே போட்டேன். ஐந்தரை மணிக்கு மேற்பார்வையாளர் வந்து உனக்குத் தொலைபேசி என்றார்.

"அப்பா." பின்னால் மனைவி சத்தம் போடுவது கேட்டது. "அப்பா, தந்திட்டாங்கள்."

"வடிவாய் வாசிச்சியோ? கடைசிப் பக்கம் வரை?"

"ரெண்டு தரம். 'அனுமதி வழங்கப்படுகிறது' எண்டு இருக்கு. என்ரை பேர் இருக்கு. மருந்துக்கடையிலை வாங்கலாம். டொக்டர் பாத்துக்கொள்ளவேணும், வீட்டிலை இரும்புப் பெட்டியிலை பூட்டி வைக்கவேணும். அவ்வளவுதான்."

மனைவி தொலைபேசியைப் பறித்தா. "கேட்டியளோ? கஞ்சா வாங்கச் சொல்லி அரசாங்கமே முத்திரை குத்திக் கடிதம் தந்திருக்கு. சாமிப் படத்துக்குப் பக்கத்திலை கண்ணாடி போட்டு மாட்டட்டோ?"

ரொட்டித் தொழிற்சாலையின் நடுவில், மாத் தூசிக்குள், நான் இரண்டு கையையும் தூக்கிக் குதித்தேன். ஐம்பது வயது மனிதன். மேற்பார்வையாளர் லொத்தர் விழுந்ததா என்று கேட்டார். அதைவிடப் பெரிது என்றேன். என்னவென்று கேட்டார். என் மகளுக்கு அனுமதி கிடைத்திருக்கிறது என்றேன். எதற்கு என்று அவருக்கு விளங்கவில்லை, ஆனாலும் கை தந்தார்.

இரும்புப் பெட்டியை நானே வாங்கி, நானே மகளின் அறைச் சுவரில் நான்கு ஆணி போட்டு இறுக்கினேன். இரண்டு சாவிகளையும் அவள் வாங்கிக்கொண்டாள். ஒன்றை நான் வைத்திருக்கவா என்று கேட்டேன். "ஏலாது," என்றாள், ஒரே சொல்லில். மனைவி மூலையில் நின்று வாயைப் பொத்திக்கொண்டா.

பூக்கள் ஒல்லாந்திலிருந்து வர இன்னும் மூன்று கிழமை பிடித்தது. அந்தக் கிழமை மகளின் வலது கால் மோசமாக இருந்தது. மருந்துக்கடைக்கு இறங்கி ஏறுவது கடினம் என்று கேட்டு, கடைக்காரரே வேலை முடிந்து வீட்டுக்குக் கொண்டுவருவதாகச் சொல்லியிருந்தார். வெள்ளிக்கிழமை நாலு மணி. மகள் அன்று லீவு எடுக்க மறுத்துவிட்டாள். மிச்சமிருந்த மூன்று நாட்களில் ஒன்றை இதற்குச் செலவழிக்கமாட்டேன் என்றாள்.

நாலுக்கு வாசல் மணி அடித்தது. மருந்துக்கடைக்காரர் வெள்ளைத் தலைமயிர், மழைச்சட்டை, கையில் தோல்பை. கதிரையில் இருத்தினேன். மனைவி தேத்தண்ணியும் சுடச்சுட ரோல்ஸும் கொண்டுவந்தா. அவர் மூன்று சாப்பிட்டார். பையிலிருந்து ஒரு சிறிய வெள்ளை டப்பாவை எடுத்தார், மூடி முத்திரையிட்டது. மேல்சீட்டில் மகளின் பெயரும் டொக்டரின் பெயரும் அச்சடித்திருந்தன. வேறு எந்த மருந்துக்கும் இருப்பதுபோலத்தான். நான் கனநேரம் அதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு அவர் ஒரு பத்திரத்தை மேசையில் விரித்தார். நான் சட்டைப் பையிலிருந்து பேனையை எடுத்து மூடியைக் கழற்றினேன்.

அவர் தன் கையைப் பத்திரத்தின் மேல் வைத்தார். "நீங்கள் நோயாளியா?"

"இல்லை. அப்பா."

"அப்படியென்றால் உங்களிடம் கொடுக்க எனக்கு உரிமை இல்லை. அவ வரும்வரை நிற்கிறேன். இன்னொரு ரோல்ஸ் கிடைக்குமா?"

மூவரும் இருந்தோம். நாலு நாற்பதுக்குக் கீழே கதவு திறந்தது. ஊன்றுகோல் ஒவ்வொரு படியாகத் தட்டியது. இடையில் நின்றது, பிறகு மறுபடி தட்டியது. இறங்கிப் போய்க் கையைப் பிடிக்க எழுந்தேன். மனைவி என் சட்டையைப் பிடித்து இழுத்து இருத்தினா. மகள் வாசலில் வந்து நின்றாள். நெற்றி வியர்த்து மூச்சு வாங்கியது. மேசையில் டப்பாவையும், பத்திரத்தையும், பேனையோடு இருந்த என்னையும் ஒரு தடவை பார்த்தாள்.

"அப்பா, எழும்புங்கோ," என்றாள். "பேனையைத் தாங்கோ. இதிலை நோயாளி நான்."